சாம்பல் சுலோசனா

ஆரஞ்சு டப்பாவைத் திறந்தாயிற்று. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பியபோது எழுந்த சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்குமோ என்று சுலோசனா ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யார் வீட்டிலோ பீரோவை உடைக்க வந்தவள் மாதிரி. சொந்த வீட்டுக் கார் ஷெட், சொந்தப் பெயின்ட், வயதும் அறுபத்திரண்டு, இதில் யாருக்குப் பயப்பட வேண்டும்? ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. மணி ஒன்பதே கால். பதினொன்றுக்கு டெம்போ வரும். நாளை மாலை கண்காட்சித் திறப்பு, பன்னிரண்டு வருஷம் கழித்து அவளுடைய தனிக் கண்காட்சி. பதினான்கு படங்களில் பதிமூன்று நேற்றே போய்விட்டன. பதினான்காவது மட்டும் இன்னும் காயவில்லை என்று கேலரி மேனேஜர் பிரதீப்பிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறாள். அது காய்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஆறடிக்கு நாலடி, சிமென்ட் தரையில் மல்லாந்து கிடக்கிறது. மேலே வெளிர் சாம்பல், கீழே அடர் சாம்பல், இரண்டுக்கும் நடுவே வாசல் தண்ணீர் தள்ளுகிற ரப்பர் வைப்பரால் ஒரே இழுப்பில் இழுத்த பட்டை. முடிந்துவிட்ட படம். முடிந்துவிட்டதா? இந்த இடத்தில்தான் ஒரு மாதமாக அவள் மனசு போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்தப் பட்டைக்குக் கீழே, இடது பக்கமாக, ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சு வேண்டும் என்று படம் கேட்கிறது. படம் கேட்கிறதா, இவள் கேட்கிறாளா? இவள்தான் கேட்கிறாள் என்றால் எதற்காகக் கேட்கிறாள்? நாற்பது வருஷமாகச் சாம்பலைத் தவிர வேறு எதையும் தொடாத சாம்பல் சுலோசனா, எல்லாப் படமும் போய் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிற காலையில், மக்கில் ஆரஞ்சை ஊற்றி வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் அதற்குப் பெயர் ஓவியமா, பாவமன்னிப்பா?

"சுலோ, ரவை உப்புமாதான். வெங்காயம் போடட்டுமா?" உள்ளேயிருந்து தனசேகரன். "போடுங்க" என்றாள். போடலாம், வெங்காயத்தைப் போடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, அதிகமானால் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடலாம். ஐ.சி.எஃப்.பில் முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டிக்குக் கதவு பொருத்திய மனுஷர். ரிட்டயர் ஆன மறுநாளே இவளுக்குச் சட்டம் அடித்துக் கான்வாஸ் இழுத்துக் கட்டித்தரும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார், ஒரு மூலை சுருங்காது, தட்டினால் மேளம் மாதிரி பேசும். படத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால், "இது நல்லாருக்கு, பல்லாவரம் மலைக்குப் பின்னாடி மழை வர்ற மாதிரி" என்பார். அது மழை இல்லைங்க, எதுவுமே இல்லைங்க, அரூபம் என்றால் எது மாதிரியும் இருக்கக்கூடாது என்று கல்யாணமான புதிதில் மணிக்கணக்காக விளக்கியிருக்கிறாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எது மாதிரியும் இல்லாத மழை" என்றார். இப்போது யோசித்தால் அவளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரையும்விட அவர்தான் கிட்டே வந்திருக்கிறார். போன மாதம் அவள் ஆரஞ்சு டப்பா வாங்கி வந்ததைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். "கேட்டுக்கு அடிக்கலாம்னு" என்றாள். ஆரஞ்சு கேட்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டைத் தேய்த்துத் துருவெடுத்து மூன்று வாரமாகத் தயாராக வைத்திருக்கிறார், பாவம். பொய்க்கு மேல் பொய். இந்த வீட்டில் ஆரஞ்சு நுழைந்ததிலிருந்து பொய்யாகத்தான் இருக்கிறது.

மக்கில் ஆடை படர ஆரம்பித்திருந்தது. எனாமல் அப்படித்தான், காற்றுப் பட்டால் பால் மாதிரி மேலே ஆடை கட்டும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குச்சியால் கலக்கினாள். என்ன ஒரு நிறம். கூச்சமே இல்லாத நிறம், அழைக்காமலே பந்தியில் வந்து உட்காரும். இதைப் போய் அந்த அமெரிக்க ஓவியர்கள் கான்வாஸ் முழுக்க அள்ளிப் பூசியிருக்கிறார்கள், நியூயார்க்கில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு. ஒருத்தர் தரையில் கான்வாஸை விரித்துப்போட்டு டப்பாவிலிருந்து சொட்டச் சொட்ட ஊற்றிக்கொண்டே சுற்றி வந்தார். ஒருத்தர் வெள்ளையடிக்கிற அகலப் பிரஷ்ஷால் கறுப்பை வீசி வீசி அடித்தார். இன்னொருத்தர் பெரிய பெரிய வண்ணச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கவிட்டார், முன்னால் நின்றவர்கள் அழுதார்கள் என்று எழுதியிருந்தது. மரம் வேண்டாம், முகம் வேண்டாம், கதை வேண்டாம், கை போன வேகமும் உள்ளே இருந்த தவிப்புமே படம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அந்தச் செய்தி கப்பலேறி, பத்திரிகையேறி, கைமாறி, முப்பது வருஷம் தாமதமாக மதராஸில் ஒரு பெண்கள் விடுதியில் பன்னிரண்டாம் நம்பர் அறைக்கு வந்தது. வரும்போது வழியில் நிறத்தை மட்டும் தொலைத்துவிட்டு வந்தது. அதுதான் விஷயம். அதுதான் முப்பது வருஷமாக அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிற முள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அறைத்தோழி ஜெய்னம்பு, கீழக்கரைக்காரி, கை வேகத்தில் வகுப்பிலேயே முதல் ஆள். அவளுடைய அண்ணனுக்கு, காக்கா என்பாள் அவர்கள் ஊர் வழக்கப்படி, டெல்லியில் ஒரு பெரிய நூலகத்தில் வேலை. தங்கை படம் போடுகிறாளே என்று அங்கே வந்த அமெரிக்கப் புத்தகம் ஒன்றிலிருந்து நாற்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்துப் பழுப்பு உறையில் போட்டு அனுப்பினார். இரண்டு பேரும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். சுலோசனாவுக்கு அந்த நிமிஷம் இப்போதும் அப்படியே இருக்கிறது, ஜன்னலில் காயப்போட்ட பாவாடையின் ஈர வாடை, கீழே மெஸ்ஸில் புளிக்குழம்பு கொதிக்கிற வாசனை, கையில் அந்த வழவழப்பான தாள். அதில் ஒரு படம். மேலே வெளிர் சாம்பல், கீழே அடர் சாம்பல், நடுவில் ஒரு பட்டை. அவ்வளவுதான். பார்த்ததும் நெஞ்சுக்குள் யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இத்தனை பெரிய தேசம், கடைக்குக் கடை வண்ணமாக வழிகிற தேசம், அங்கே ஒரு மனுஷன் எல்லா வண்ணத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டுச் சாம்பலிலேயே நின்றுவிட்டானே, எவ்வளவு பெரிய மனசு! அன்றைக்கே வண்ண டியூப்களை ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கறுப்பு, வெள்ளை, அப்புறம் பெயின்ட் கடையில் சிமென்ட் கலர் என்று கேட்டால் தருகிற எனாமல். கல்லூரித் திண்டாட்டம் எல்லாம் தீர்ந்தது. கை தானாக ஓடியது. எதைப் போட்டாலும் சரியாக வந்தது. ஐந்து வருஷத்தில் பேர், எட்டாவது வருஷம் மாநில விருது, மேடையில் சால்வையை வாங்கிக்கொண்டு, "நிறத்தை நான் துறக்கவில்லை, நிறம்தான் என்னை விட்டு விலகியது" என்று மைக்கில் வேறு சொல்லித் தொலைத்தாள். கைதட்டினார்கள். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஏனென்றால் அதற்கு நாலு வருஷம் கழித்து, கடைவாய்ப் பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் வீட்டு வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு பத்திரிகை கிடந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். புரட்டினாள். அந்தப் படம். அதே பட்டை, அதே விளிம்பு, சந்தேகமே இல்லை. மேலே ஆரஞ்சு. கீழே ரத்தச் சிவப்பு. நடுவே கொன்றைப்பூ மஞ்சள். வழவழ தாளில் அந்த மூன்று நிறமும் அவளைப் பார்த்துச் சிரித்தன, அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதி வாய்தான் சிரித்தது, மறுபாதி மரத்துப்போய்த் தொங்கியது, நர்ஸ் வந்து, "என்னம்மா, வலிக்குதா?" என்று தோளைத் தட்டினாள். வலித்தது. பல்லில் இல்லை. பன்னிரண்டு வருஷமாக யாரை நினைத்துக்கொண்டு படம் போட்டாளோ அந்த மனுஷன் சாம்பலைத் தொட்டதே இல்லை. அவள் விழுந்து கும்பிட்ட அந்தத் துறவு டெல்லியில் ஏதோ ஒரு ஜெராக்ஸ் மெஷினின் துறவு. திறந்த வாயோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோதே முடிவு செய்துவிட்டாள், இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. முக்கியமாக ஜெய்னம்புவிடம். படிப்பு முடித்து ஊருக்குப் போய்க் கல்யாணமாகிப் பெட்ஷீட்டுக்கும் துப்பட்டாவுக்கும் டிசைன் போட்டுக்கொடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க காக்கா அனுப்பின தாளுதான் சுலோவைப் பெரிய ஆளாக்குச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறவள். காக்கா மௌத்தானபோதும் அதைத்தான் சொல்லி அழுதாள். அவளிடம் போய் உன் அண்ணன் அனுப்பியது தப்பு நிறம் என்று எப்படிச் சொல்வது? தப்பு நிறம்கூட இல்லை, நிறமே இல்லை.

அப்புறம் எங்கே பார்த்தாலும் அந்த நியூயார்க் சித்தப்பாக்கள்தான், கண் திறந்துகொண்ட பிறகு. பல்லாவரம் டைல்ஸ் கடையில் பாத்ரூம் தரைக்குச் சொட்டுச் சொட்டாய் வண்ணம் தெறித்த டைல்ஸ், "லேட்டஸ்ட் மாடல்மா, அழுக்குத் தெரியாது" என்றான் கடைக்காரன், அதைவிட நல்ல விமர்சனத்தை அவள் எந்தக் கலைப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஓட்டல் வரவேற்பறைச் சுவரில் மிதக்கும் சதுரங்கள். அக்கா மகன் கல்யாண மேடையில் பின்திரை முழுக்க வீசியடித்த பிரஷ் கோடு, அதன் நடுவில் தெர்மாகோலில் மணமக்கள் பேர். அவர்கள் அங்கே உயிரைக் கொடுத்துக் கொட்டியது இங்கே பெட்ஷீட்டாகி, டீ ஷர்ட்டாகி, நகை டப்பா மூடியாகி எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது, நிறத்தோடு. அவள் ஒருத்திதான் அவர்கள் வீட்டுக்கே போகாமல் பழுப்பு உறையோடு நின்றுவிட்டவள். நாளைக்குக் கொடுக்கப்போகிற சிறு புத்தகத்தில் விமர்சகர் எழுதியிருப்பதை நேற்று பிரதீப் போனில் வாசித்துக் காட்டினான்: 'அமெரிக்க அரூப வெளிப்பாட்டியத்தின் வண்ண ஆரவாரத்துக்கு ஒரு தமிழ்ப் பெண் அளித்த மௌனமான பதில்.' மௌனமாம், பதிலாம்! கேள்வியே காதில் விழாதவள் என்ன பதிலைச் சொல்வது? அதற்குக் கீழே 'கோலத்தின் தாக்கம்' என்று ஒரு பத்தி வேறு. அவள் ஆயுசில் நேராக நாலு புள்ளி வைத்ததில்லை, மார்கழியில் தனசேகரன்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். சிரிக்கலாம். சிரித்தாள்கூட. ஆனால் போனை வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நாளைக்கு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, அம்மா உங்களுக்கு அவர்களுடைய நிறம் தெரியும்தானே, தெரிந்துதானே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டால்? முகத்தில் எழுதி ஒட்டினது போலத் தெரிந்துவிடும். அதனால்தான் ஆரஞ்சு. ஒரு முழ ஆரஞ்சு இருந்துவிட்டால், தெரியும், இதோ பாருங்கள், வேண்டுமென்றுதான் இத்தனை நாள் போடவில்லை என்று ஆகிவிடும். அப்படியானால் அது படத்துக்காகப் போடுகிற ஆரஞ்சு இல்லை. சாட்சிக்குக் கூட்டி வருகிற ஆரஞ்சு.

மறுபடியும் ஆடை. மறுபடியும் கலக்கல். ஒன்பதே முக்கால். கேட்டுக்கு வெளியே கீரைக்காரம்மா நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னா ஆர்ட்டிஸ்ட்டம்மா, கலர்லாம் வெச்சினுக்கீறே இன்னிக்கி? அரைக்கீரை வேணுமா?" அரைக்கீரை ஒரு கட்டு வாங்கினாள். பச்சை. கட்டைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் சாம்பல் என்னமாய் மாறிப்போகிறது என்று கண் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது, சாம்பலே லேசாகச் சிவந்தது போல. கண்ணுக்கு வெட்கமே கிடையாது, மனசு எவ்வளவு அழுதாலும் அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் கை? கைக்குப் பயம் உண்டு. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தரையில் ஒரு பெரிய சாம்பல், எட்டடி, அதுவரை போட்டதிலேயே அதுதான் படம் என்று அவளுக்கே தெரிந்தது. முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். வலது ஓரம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறதோ? ஒரே ஒரு வெள்ளை இழுப்பு. போட்ட அந்த நிமிஷமே படம் செத்துப்போனது. துடைத்தாள், சாம்பலை மேலே ஏற்றினாள், வைப்பரால் வழித்தாள், போன உயிர் போனதுதான். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அந்தக் கான்வாஸ் இப்போது மாடியில் வாஷிங் மெஷினுக்குப் போர்வை. எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்த மாதிரிப் படத்தில் ஒரே வித்தை, முகம் போடுகிறவனுக்கு மூக்கும் காதும் வந்துவிட்டால் முடிந்தது, இதில் யார் வந்து போதும் என்று சொல்வார்கள்? யாரும் சொல்ல மாட்டார்கள். மக்கைக் கீழே வைத்தாள். எடுத்தாள். படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், முட்டி லேசாகக் கத்தியது. தலைமாட்டிலிருந்து பார்த்தால் வேண்டாம். கால்மாட்டிலிருந்து பார்த்தால் வேண்டும்.

உப்புமாவை நின்றுகொண்டே தின்றாள். தனசேகரன் மக்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "கேட்டுக்கு இன்னிக்கே அடிக்கணுமா என்ன, நாளைக்குத் திறப்பு முடியட்டுமே" என்றார். குரலில் துளிகூடக் கிண்டல் இல்லை, அதனாலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்று பட்டது. அப்போது போன் அடித்தது. ஜெய்னம்பு.

"அடியே, நாளைக்கு வர முடியலடி. முட்டி மடங்க மாட்டேங்குது, டாக்டர் பஸ்ஸுல ஏறக்கூடாதுன்னுட்டார். கோவிச்சுக்காதே. எல்லாப் படமும் போயாச்சா?"

"ஒண்ணு பாக்கி" என்றாள் சுலோசனா. சொல்லிவிட்டு, தட்டைத் திண்டில் வைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமலே, நிறுத்த முடியாமலே, முப்பது வருஷத்தை மூச்சுவிடாமல் கொட்டினாள். பல் டாக்டர், பத்திரிகை, ஆரஞ்சு, சிவப்பு, காக்கா அனுப்பின நாற்பது பக்கத்திலும் ஒரு பக்கம்கூடச் சாம்பல் இல்லை, நான் கும்பிட்டதெல்லாம் மெஷினோட மசிதாண்டி, நான் ஒரு ஏமாத்துக்காரிடி, உன் அண்ணனைத் தப்புச் சொல்ற மாதிரி ஆயிடுமேன்னுதான் உன்கிட்டகூடச் சொல்லலை, இப்ப கையில ஆரஞ்சை வெச்சுக்கிட்டு நிக்கிறேன், போட்டாலும் பொய், போடாட்டாலும் பொய். பேசி முடித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. தனசேகரன் தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

  

"எனக்குத் தெரியும்டி" என்றாள் ஜெய்னம்பு.

"என்ன தெரியும்?"

"கலர் தெரியும். காக்கா அந்த உறைக்குள்ளேயே ஒரு லெட்டர் வெச்சிருந்துச்சு. மூணாம் பக்கத்துப் படம் மேலே ஆரஞ்சு, கீழே சிவப்பு, ஏழாம் பக்கம் நீலம், பதினொண்ணு பச்சையும் கறுப்பும்னு நாப்பதுக்கும் வரிசையா எழுதியிருந்துச்சு. கலர்ல எடுக்கிற மெஷின் இல்லம்மா, நீ மனசுல போட்டுப் பார்த்துக்கன்னு."

"அடிப்பாவி! ஏண்டி சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ மூணாம் பக்கத்தை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. மெஸ் மணி அடிச்சதுகூட உனக்குக் கேக்கலை. நான் லெட்டரைப் பார்த்துட்டு மறுபடி படத்தைப் பார்த்தேன், ஆரஞ்சையும் சிவப்பையும் மனசுல போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலை. நல்ல படம், அவ்வளவுதான். உனக்கு மட்டும் அதுல என்னமோ ஆச்சு. சாயங்காலமே வரைய உட்கார்ந்துட்டே. அதைப் பார்த்தேன். வகுப்புல யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. அப்பவே லெட்டரைப் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன். போய்ச் சொல்லி அதைக் கெடுக்கச் சொல்றியா?"

"நாப்பத்திரண்டு வருஷமாடி?"

"அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு. அவார்டு வாங்கினே. இனிமே சொன்னா அடிக்க வருவேன்னு பயம். உனக்குத் தெரியாதுன்னு நானும், எனக்குத் தெரியாதுன்னு நீயும்..." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கீழக்கரையில் ஒரு ஊஞ்சல் கிரீச்சிடும் சத்தம் போனில் கேட்டது. சுலோசனாவுக்கு முதலில் கோபம் வந்தது, நிஜமான கோபம், காது மடல் வரைக்கும் ஏறியது, இவள் மட்டும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடையில் அப்படி உளறியிருக்க மாட்டேனே, பல் டாக்டர் நாற்காலியில் அப்படி நொறுங்கியிருக்க மாட்டேனே, எத்தனை கூட்டங்களில் நிறம் பற்றி யாராவது பேச்செடுத்தால் காப்பி குடிக்கிற சாக்கில் எழுந்து ஓடியிருக்கிறேன்! கோபம் உச்சிக்குப் போய் நின்றது. நின்ற இடத்தில் அந்த விடுதி அறை தெரிந்தது, ஆனால் இந்த முறை கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நாற்பது படத்தின் நிறமும் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. கொடுக்காமல் மடித்து வைக்கிறாள். ஏமாந்துபோன ஒருத்தியை அப்படிப் பார்க்க முடியாது. கண்டுபிடித்தவளைத்தான் அப்படிப் பார்ப்பார்கள். மெஷின் கொடுத்தது வெறும் மசி. அதைப் பார்த்து நெஞ்சுக்குள் ஒன்று வந்து உட்கார்ந்ததே, அது மெஷினுடையது இல்லை. அதே தாளை அதே நிமிஷம் ஜெய்னம்புவும்தான் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே! சுலோசனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இந்த முறை முழு வாயும் சிரித்தது. இரண்டு கிழவிகள் இரண்டு ஊரில் இருந்துகொண்டு பேச்சு வராமல் சிரித்தார்கள், தனசேகரன் கரண்டியோடு வந்து எட்டிப் பார்க்கும்வரை.

"சரி சொல்லுடி, ஆரஞ்சு போடட்டுமா, வேண்டாமா?"

"என்னைக் கேக்காதே. அன்னிக்கும் சொல்லலை, இன்னிக்கும் சொல்ல மாட்டேன்" என்று ஜெய்னம்பு போனை வைத்துவிட்டாள்.

பத்து நாற்பது. வெயில் கேட்டு வழியாக உள்ளே வந்து படத்தின் ஒரு மூலையில் விழுந்திருந்தது. சுலோசனா கால்மாட்டில் போய் நின்று படத்தைப் பார்த்தாள். விசித்திரமாக இருந்தது, கூட யாருமே இல்லை. ஒரு மாதமாக இந்தப் படத்தைப் பார்க்க நின்றபோதெல்லாம் தோளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது, நியூயார்க் சித்தப்பாக்கள், விருது கொடுத்த மந்திரி, மௌனமான பதில் விமர்சகர், நாளைக்கு வந்து கேட்கப்போகிற அந்த யாரோ ஒருத்தர். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம், சாம்பல் அவளுடையது, யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அப்படியென்றால் ஆரஞ்சு வேண்டாம், அல்லவா? சாட்சியே தேவையில்லை என்றான பிறகு சாட்சி எதற்கு? மக்கை வைத்துவிடலாம். கேட்டுக்கு அடித்துவிடலாம், மனுஷர் மூன்று வாரமாகத் துருவெடுத்து வைத்திருக்கிறார். வைக்கத்தான் குனிந்தாள். குனிந்த இடத்திலிருந்து அந்தப் பட்டைக்குக் கீழே, இடது பக்கம், கண்ணில் பட்டது. இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவமானமெல்லாம் போய்விட்ட பிறகும், காரணமெல்லாம் தீர்ந்துவிட்ட பிறகும், அந்த ஒரு முழ இடம் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றது. அட, இது நிஜமாகவே நீதான் கேட்டாயா? வாஷிங் மெஷின் போர்வை ஞாபகம் வந்தது. செத்தால்? செத்தால் சாகட்டும், போர்வை இன்னொன்று ஆகும். புடவையை இடுப்பில் சொருகினாள். மக்கைச் சாய்த்தாள். ஆரஞ்சு ஒரு நாக்காக நீண்டு சாம்பல் மேல் விழுந்தது, தயங்கியது, பரவத் தொடங்கியது. வைப்பரை எடுத்தாள், முழங்கையிலிருந்து இல்லை, இடுப்பிலிருந்து, முட்டி வலியையும் சேர்த்துக்கொண்டு, ஒரே இழுப்பு. ரப்பர் கீச்சிட்டது. மூச்சை விட்டாள்.

டெம்போ வந்துவிட்டது. பிரதீப் கேட்டைத் திறந்துகொண்டு வந்தவன் அப்படியே நின்றான். படத்தைப் பார்த்தான். வைப்பரில் சொட்டிக்கொண்டிருந்த ஆரஞ்சைப் பார்த்தான். "மேடம்" என்றான், "சாம்பல்னு புக்கெல்லாம் அடிச்சாச்சே மேடம்."

"அடிச்சா அடிச்சதுதான். அதுக்கு இப்ப என்ன பண்றது?"

"ஈரமா இருக்கே, எப்படிக் கொண்டுபோறது?"

"படுக்கவெச்சுத்தான்" என்றார் தனசேகரன், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு. முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டிக் கதவு தூக்கியவர், அந்த அதிகாரம் குரலில் வந்துவிட்டது. அவர் ஒரு மூலை, டிரைவர் ஒரு மூலை, பிரதீப் ஒரு மூலை, கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த கீரைக்காரம்மா ஒரு மூலை. "தூக்கு, சாய்க்காதே, சாய்க்காதே, வழிஞ்சிடும்" என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி டெம்போவில் படுக்கவைத்தார்கள். மேலே துணி மூடினால் ஒட்டிக்கொள்ளும், மூடாவிட்டால் தூசி விழும். சுலோசனா ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு, டெம்போவின் பின்னால் ஏறினாள். "சுலோ, எங்க ஏறுறே? முன்னாடி உட்காரு, முட்டி என்னத்துக்காவும்?" என்று தனசேகரன் பதறினார். "இது காயுற வரைக்கும் நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். குடையை விரித்துப் படத்தின் மேல் பிடித்துக்கொண்டாள். அவர் டெம்போவின் பின்கதவைத் தூக்கிக் கொண்டி மாட்டினார், ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. மேடவாக்கம் ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், இன்னொரு ஸ்பீடு பிரேக்கர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையால் சட்டத்தை அழுத்திப் பிடித்தாள். பின்னால் பைக்கில் வந்தவன் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்து மாநகரப் பஸ்ஸில் முட்டப் பார்த்தான். முன்சீட்டிலிருந்து பிரதீப் கண்ணாடியைத் தட்டித் திறந்து, பாவம் போல் கேட்டான்: "மேடம், உண்மையைச் சொல்லுங்க, நல்லா வந்திருக்கா?"

சுலோசனா குடை நிழலில் குனிந்து பார்த்தாள். சாம்பலுக்குள் ஆரஞ்சு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷமாக எந்தப் படத்தையும் முடித்த நிமிஷத்தில் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும், செத்துப்போன அந்தப் படத்தில்கூட உடனே தெரிந்தது. இப்போது பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"தெரியலைப்பா" என்றாள், சந்தோஷம் தாங்காமல். "சத்தியமா எனக்குத் தெரியவே இல்லை."